பின்னணியில் இயங்கும் செயலி ஏன் நின்றுபோகிறது? கைபேசிக்குள் நடப்பது என்ன?

புது தில்லி: கைபேசியின் திரை அணைந்திருந்தாலும் செயலிகள் உள்ளே தத்தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும் என்பது பயனர்களின் பொதுவான நம்பிக்கை. இரவு 10 மணி மாத்திரையை நினைவூட்டும் செயலி, உணவு விநியோகப் பணியாளரின் இருப்பிடத்தை நிறுவனத்துக்கு அனுப்பும் செயலி, கடைக்கு வந்த பணத்தைக் குரலில் அறிவிக்கும் செயலி ஆகிய அனைத்தும் இந்த நம்பிக்கையின் மீதே நிற்கின்றன. ஆனால் இன்றைய கைபேசி இயங்குதளங்கள் அப்படியொரு வாக்குறுதியை எந்தச் செயலிக்கும் அளிப்பதில்லை.

இதன் விளைவு சில வேளைகளில் உயிரோடு தொடர்புடையது. உடலில் பொருத்தப்படும் உணரி மூலம் ரத்தச் சர்க்கரையை இடைவிடாது அளந்து கைபேசிக்கு அனுப்பும் கருவிகள் தற்போது பல நாடுகளில் பயன்பாட்டில் உள்ளன, இந்தியாவிலும் விற்பனையாகின்றன. இத்தகைய கருவிகளைப் பயன்படுத்துவோருக்கு 2025 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. கைபேசி அமைப்புகள் காரணமாக அபாய அறிவிப்புகள் வராமலோ கேட்காமலோ போனதாகப் புகார்கள் வந்துள்ளன என்றும், அவற்றுள் சில கடுமையான சர்க்கரைத் தாழ்வுக்கும் உயிரிழப்புக்கும் காரணமாக இருந்திருக்கக்கூடும் என்றும் அது தெரிவித்தது. அறிவிப்புகள் தவறியதற்கு அந்த அமைப்பு சுட்டிய காரணங்களுள் ஒன்று, செயலி ஆழ்ந்த உறக்கத்துக்குச் சென்றுவிடுவது.

கருவியில் பழுதில்லை, உணரியும் அளந்துகொண்டிருந்தது. செய்தியைச் சொல்ல வேண்டிய செயலியைத்தான் கைபேசி உறங்கவைத்துவிட்டது.

யார் முதலில் வெளியேற்றப்படுகிறார்?

திரையில் தோன்றாமல் நடைபெறும் வேலைக்கு ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில் 'சர்வீஸ்', அதாவது சேவை என்று பெயர். பாடல் ஒலிப்பது, கோப்பு பதிவேற்றுவது, இருப்பிடத்தைக் கண்காணிப்பது ஆகியவை இத்தகையவை. கைபேசியின் நினைவகம் குறையும்போது சிலவற்றை வெளியேற்றித்தான் புதியவற்றுக்கு இடம் தர முடியும். அதற்கு ஆண்ட்ராய்டு ஒரு தரவரிசை வைத்துள்ளது. பயனர் இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் செயலிக்கு முதலிடம். கண்ணுக்குத் தெரிந்தபடி ஓரமாக இருக்கும் செயலிக்கு அடுத்த இடம். அதற்குக் கீழே பின்னணிச் சேவைகள். எந்த வேலையும் இல்லாமல் நினைவகத்தில் தேங்கிக் கிடப்பவை கடைசி. வெளியேற்றம் தொடங்குவது அங்கிருந்துதான். சுமார் 30 நிமிடங்களுக்கு மேல் ஓடும் பின்னணிச் சேவையும் அந்தக் கடைசி வரிசைக்குத் தள்ளப்படலாம் என்று ஆண்ட்ராய்டின் ஆவணமே கூறுகிறது.

நினைவகம் மிகுந்த விலையுயர்ந்த கைபேசியில் இது அரிதாக நிகழும். ஆனால் 2021-இல் ஜியோவும் கூகுளும் இணைந்து வெளியிட்ட ஜியோபோன் நெக்ஸ்ட் கைபேசியின் நினைவகம் 2 ஜிபி மட்டுமே. அத்தகைய கைபேசியில் ஒரு காணொளியைத் திறந்தாலே பின்னால் இருப்பவற்றுள் ஏதேனும் ஒன்று வெளியேற வேண்டியிருக்கும். செயலி உருவாக்குநரின் மேசையில் உள்ள கைபேசியில் பிழையின்றி ஓடியது வாடிக்கையாளரின் கையில் நின்றுபோவதற்கு இந்த வேறுபாடு ஒரு முக்கியக் காரணம்.

மீண்டு வரும் விதம்

நிறுத்தப்பட்ட சேவையை மீண்டும் தொடங்க ஆண்ட்ராய்டில் வழி இருக்கிறது. 2009-இல் வந்த ஆண்ட்ராய்டு 2.0 முதல், ஒவ்வொரு சேவையும் தொடங்கும்போதே தன் விருப்பத்தை இயங்குதளத்திடம் தெரிவித்துவிடலாம். 'ஸ்டார்ட் ஸ்டிக்கி' என்று சொன்னால், நினைவகம் கிடைத்ததும் சேவை மீண்டும் தொடங்கப்படும். 'ஸ்டார்ட் நாட் ஸ்டிக்கி' என்றால் புதிதாக அழைக்கும் வரை தொடங்க வேண்டியதில்லை. மூன்றாவது வகையான 'ரீடெலிவர் இன்டென்ட்' சேவையை மீண்டும் தொடங்குவதோடு, கடைசியாகக் கொடுத்த கட்டளையையும் திரும்ப ஒப்படைக்கும்.

முதலிரண்டு சொற்களைப் படிக்கும் புதிய நிரலாளர் 'ஸ்டிக்கி' என்றால் சேவை அகலாமல் ஒட்டிக்கொள்ளும் என்று பொருள்கொள்வது இயல்பு. உண்மையில் அது ஒட்டிக்கொள்வதில்லை. விழுந்தபின் எழுப்பப்படுகிறது, அவ்வளவே. எழும்போது பழைய நினைவு எதுவும் அதனிடம் இருக்காது. எந்தக் கட்டளையின் பேரில் தொடங்கியதோ அந்தக் கட்டளைக்குரிய இடம் வெறுமையாகவே வந்துசேரும்.

விநியோகப் பணியாளருக்கான ஒரு செயலியைக் கற்பனை செய்துகொள்ளலாம். எந்த ஆணையை எந்த முகவரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்ற விவரம் சேவையைத் தொடங்கிய கட்டளையில் இருந்தது. பணியாளர் வழியில் கைபேசியில் வேறொன்றைத் திறக்கிறார். நினைவகம் போதாமல் சேவை வெளியேற்றப்படுகிறது. சிறிது நேரத்தில் இயங்குதளம் அதை எழுப்புகிறது. சேவை வழக்கம்போல் கட்டளையைப் படிக்க முனைகிறது. அங்கே எதுவும் இல்லை. அந்த நிலையை எதிர்பார்த்து நிரல் எழுதப்படாவிட்டால் செயலி அங்கேயே முறிந்துவிழும். எழுப்புவதும் முறிவதும் தொடர்ந்தால், ஒவ்வொரு முறையும் எழுப்புவதற்கான இடைவெளியை இயங்குதளம் நீட்டிக்கொண்டே போகும். பணியாளரின் திரையில் இதற்கான அடையாளம் எதுவும் தெரியாமல் போகலாம். நிறுவனத்தின் வரைபடத்திலோ அவருடைய புள்ளி ஒரே இடத்தில் உறைந்து நிற்கும். அடுத்த ஆணை வேறொருவருக்குச் சென்றால், அன்றைய வருமானத்தில் அது குறையும்.

இதற்குத் தீர்வு எளியது. ஆனால் பலரும் செய்யாதது. முக்கிய விவரம் எதையும் நினைவகத்தில் மட்டும் வைத்திருக்காமல், ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியின் சேமிப்பில் எழுதிவிட வேண்டும். சேவை எழும்போது, 'கடைசியாக எங்கே விட்டேன்' என்று அந்தச் சேமிப்பைப் பார்த்துத் தொடர வேண்டும். ஒரே வேலை இருமுறை நடந்தாலும் கெடுதல் நேராதபடி நிரல் அமைவதும் இதில் அடங்கும். பணம் தொடர்பான செயலிகளில் இது மிக முக்கியம்.

கட்டுப்பாடுகள் வந்த கதை

தொடக்க ஆண்டுகளில் ஆண்ட்ராய்டு இவ்வளவு கண்டிப்பாக இல்லை. எந்தச் செயலியும் பின்னணியில் எத்தனை சேவைகளையும் ஓட்டலாம் என்ற நிலை இருந்தது. அதன் விலையைப் பேட்டரி கொடுத்தது. காலையில் முழுதாக மின்னேற்றிய கைபேசி மாலைக்குள் அணைந்துபோனதற்குக் காரணம் தேடியவர்கள், பயன்படுத்தாத செயலிகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்துக்கொண்டிருந்ததைக் கண்டனர்.

2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0, 'ஜாப் ஷெட்யூலர்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வேலையை நீயே ஓட்டாதே, என்னிடம் ஒப்படை, வசதியான நேரத்தில் நான் ஓட்டுகிறேன் என்பதே அதன் சாரம். 2015-இல் ஆண்ட்ராய்டு 6.0 'டோஸ்' என்னும் உறக்கநிலையை அறிமுகப்படுத்தியது. மின்னேற்றியில் இணைக்கப்படாமல், திரை அணைந்து, அசைவின்றிக் கிடக்கும் கைபேசி சிறிது நேரத்தில் இந்த நிலைக்குச் செல்லும். அப்போது செயலிகளின் இணையத் தொடர்பு துண்டிக்கப்படும். குறித்துவைத்த சாதாரண அலாரங்கள் தள்ளிப்போடப்படும். இடையிடையே திறக்கும் சிறு பராமரிப்பு நேரத்தில்தான் தேங்கிய வேலைகள் நடக்கும்.

பெரிய திருப்பம் 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8.0. அதன் விதிகளுக்கேற்ப உருவாக்கப்படும் செயலிகள் பின்னணியிலிருந்து தம் விருப்பப்படி சேவையைத் தொடங்குவது தடுக்கப்பட்டது. பின்னணியில் இருப்பிடம் அறிவதும் மணிக்குச் சில முறை என்று குறைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, பயனர் ஒரு செயலியை எவ்வளவு அடிக்கடி திறக்கிறார் என்பதைப் பார்த்து அதற்குரிய சலுகையை அளக்கும் முறை வந்தது. அரிதாகத் திறக்கப்படும் செயலிக்குப் பின்னணி நேரமும் அரிது. மாதம் ஒருமுறை மட்டும் பயன்படும் செயலிக்கு இது நியாயமே. ஆனால் அவசரக் காலத்துக்கென்று நிறுவப்பட்டு, திறக்கத் தேவையே ஏற்படாத செயலியும் அதே தட்டில் வைக்கப்படுகிறது.

கட்டுப்பாடுகளைச் சுற்றிச் செல்லும் தந்திரங்களும் வளர்ந்தன. ஒன்றையொன்று கண்காணித்து எழுப்பும் இரட்டைச் சேவைகள், கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் புள்ளி அளவிலான திரை, யாருக்கும் கேட்காத மௌன ஒலியை ஓட்டிக்கொண்டிருப்பது போன்றவை நிரலாளர் வட்டத்தில் பரவலாக அறியப்பட்டவை. இத்தகைய தந்திரங்கள் சில காலம் பலிக்கும். அடுத்த பதிப்பில் அடைபடும். ஒவ்வொரு அடைப்பும் நேர்மையாக நடந்துகொண்ட செயலிகளையும் சேர்த்தே பாதித்தது என்பதுதான் இதில் வருந்தத்தக்கது.

அறிவிப்புப் பலகையோடு ஓடும் சேவை

தொடர்ந்து ஓடியே ஆக வேண்டிய வேலைக்கு ஆண்ட்ராய்டு அளிக்கும் முறையான வழி 'ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ்' எனப்படும் முன்புலச் சேவை. வழிகாட்டும் செயலியும் பாடல் செயலியும் அறிவிப்புப் பகுதியில் நிலையாக ஒரு வரியைக் காட்டுவதைப் பலரும் கவனித்திருப்பர். 'நான் இயங்கிக்கொண்டிருக்கிறேன்' என்று பயனரிடம் வெளிப்படையாகச் சொல்லும் சேவைக்குத் தரவரிசையில் உயர்ந்த இடம் தரப்படுகிறது. பின்னணியிலிருந்து இத்தகைய சேவையைத் தொடங்கும் செயலி 5 விநாடிகளுக்குள் அந்த அறிவிப்பைக் காட்டியாக வேண்டும் என்று ஆண்ட்ராய்டு 8.0 விதித்தது. தவறினால் இயங்குதளமே சேவையை முடித்துவிடும்.

இந்த வழியும் ஆண்டுதோறும் குறுகிவருகிறது. 2021-இன் ஆண்ட்ராய்டு 12, சில விதிவிலக்குகள் தவிர, பின்னணியிலிருந்து முன்புலச் சேவையைத் தொடங்குவதைத் தடுத்தது. 2022-இன் பதிப்பு 13, இயங்கும் சேவைகளின் பட்டியலைக் காட்டி ஒரே தொடுகையில் நிறுத்தும் வசதியைப் பயனரிடம் கொடுத்தது. 2023-இன் பதிப்பு 14, சேவை எந்த வகையைச் சேர்ந்தது, இருப்பிடமா, ஒலியா, உடல்நலமா என்று முன்கூட்டியே அறிவிப்பதைக் கட்டாயமாக்கியது. தரவு ஒத்திசைவு வகையைச் சேர்ந்த சேவைக்கு 24 மணி நேரத்தில் மொத்தம் 6 மணி நேரமே என்ற வரம்பு 2024-இன் பதிப்பு 15-இல் வந்தது.

மாத்திரை நேரமும் ஒன்பது நிமிடமும்

நினைவூட்டும் செயலிக்கு நாள் முழுதும் ஓடும் சேவை தேவையில்லை. குறித்த நேரத்தில் ஒருமுறை எழுந்தால் போதும். ஆயினும் அங்கேயும் சிக்கல் உண்டு. உறக்கநிலையிலும் ஒலிக்கக்கூடிய சிறப்பு அலாரத்தைச் செயலி கேட்டுப் பெறலாம். ஆனால் உறக்கநிலையில் ஒரு செயலிக்கு 9 நிமிடத்துக்கு ஒருமுறைக்கு மேல் அது கிட்டாது. துல்லியமான நேரத்தில் அலாரம் வைப்பதற்கே ஆண்ட்ராய்டு 12 முதல் தனி அனுமதி வேண்டும். பதிப்பு 14-இல், புதிதாக நிறுவப்படும் பெரும்பாலான செயலிகளுக்கு அந்த அனுமதி தானாகக் கிடைப்பதில்லை. கடிகாரம், நாட்காட்டி ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு.

மற்றொன்று எளிதில் மறக்கப்படுவது. கைபேசியை அணைத்து மீண்டும் இயக்கினால், செயலிகள் குறித்துவைத்த அலாரங்கள் அனைத்தும் அழிந்துவிடும். கைபேசி துவங்கியது என்ற செய்தியை இயங்குதளம் ஒலிபரப்பும்போது, அதைக் கேட்டுச் செயலி தன் அலாரங்களை மறுபடியும் பதிந்துகொள்ள வேண்டும். இதைச் செய்யாத மாத்திரைச் செயலி, இரவில் பேட்டரி தீர்ந்து காலையில் மின்னேற்றப்பட்ட கைபேசியில் எதையும் நினைவூட்டாது.

தயாரிப்பாளரின் கூடுதல் பூட்டு

இதுவரை சொன்னவை கூகுளின் விதிகள். அவை ஆவணங்களில் எழுதப்பட்டவை. இந்தியச் சந்தையில் பெருமளவு விற்பனையாகும் ஷாவ்மி, விவோ, ஓப்போ, ரியல்மி, சாம்சங் போன்ற நிறுவனங்கள் ஆண்ட்ராய்டின் மீது தத்தம் மென்பொருள் அடுக்கைப் போர்த்துகின்றன. பேட்டரி நீடிக்க வேண்டும் என்ற போட்டியில், அந்த அடுக்குகள் பல கூடுதல் கட்டுப்பாடுகளை விதிக்கின்றன. சிலவற்றில் 'ஆட்டோஸ்டார்ட்' என்ற அனுமதி இல்லாவிட்டால் செயலி தானாக எழ முடியாது. சாம்சங் கைபேசிகளில் உறங்கும் செயலிகள், ஆழ்ந்து உறங்கும் செயலிகள் என இரு பட்டியல்கள் உள்ளன. இரண்டாவதில் சேர்ந்த செயலி பயனர் திறக்கும்போதுதான் இயங்கும்.

சமீபத்திய செயலிகளின் வரிசையிலிருந்து ஒன்றை விரலால் தள்ளிவிடுவதற்கும் கைபேசிக்குக் கைபேசி பொருள் மாறுகிறது. கூகுளின் வடிவத்தில் அது திரையை மட்டுமே மூடும். முன்புலச் சேவை தொடரும். வேறு சில கைபேசிகளில் அதே விரலசைவு செயலியை முற்றாக நிறுத்திவிடும். 2011-இன் ஆண்ட்ராய்டு 3.1 முதலே, அமைப்புகளுக்குள் சென்று 'ஃபோர்ஸ் ஸ்டாப்' செய்யப்பட்ட செயலி, பயனர் மீண்டும் திறக்கும் வரை எந்த ஒலிபரப்பையும் பெறாது. சர்வரிலிருந்து அனுப்பப்படும் அவசரச் செய்தியாலும் அதை எழுப்ப இயலாது. கைபேசியின் வேகத்தைக் கூட்டுவதாக எண்ணி எல்லாச் செயலிகளையும் அவ்வப்போது துடைத்துவிடும் வழக்கம் இங்கே பரவலாக உண்டு. அந்தப் பழக்கம் தனக்குத் தேவையான செயலியையும் முடக்கிவிடலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கடைகளில் பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டிகளை இந்தப் பின்னணியில் பார்க்கலாம். அவற்றுக்குத் தனி சிம் அட்டை உண்டு. வணிகரின் கைபேசியைச் சார்ந்திருப்பதில்லை. அதே அறிவிப்பைக் கைபேசிச் செயலியாலும் குரலில் சொல்ல முடியும். ஆனால் அது எந்த நேரத்தில் உறங்கிக்கொண்டிருக்கும் என்று வணிகரால் கூற இயலாது; கூட்டமான நேரத்தில் ஒரு கட்டணம் ஒலிக்காமல் போனால் பொருள் போய்விடும். ஒரே வேலைக்கென உள்ள பெட்டியில், அதை உறங்கவைக்கப் போட்டியிடும் வேறு செயலி எதுவும் இல்லை.

ஐபோனில் வேறு நெறி

ஆப்பிள் தொடக்கத்திலிருந்தே நேரெதிர் திசையில் நின்றது. 2010-இன் ஐஓஎஸ் 4 வரை பிறர் உருவாக்கிய செயலிகளுக்குப் பின்னணி இயக்கமே இல்லை. அதன்பின்னும் ஒலி, இருப்பிடம், இணைய அழைப்பு போன்ற சில வகைகளுக்கு மட்டுமே தொடர் அனுமதி. மற்றவை இயங்குதளம் தீர்மானிக்கும் நேரத்தில் சுமார் அரை நிமிடம் விழித்து, மீண்டும் உறங்க வேண்டும். பயனர் தாமே மேலே தள்ளி மூடிய செயலியைப் பொதுவாக ஐபோன் தானாக எழுப்புவதில்லை.

இந்த நெறியின் வலிமையை அரசுகளே உணர்ந்தது கொரோனா காலத்தில். தொற்றாளருக்கு அருகில் இருந்தவரை ப்ளூடூத் மூலம் கண்டறிய, 2020 மார்ச்சில் சிங்கப்பூர் 'ட்ரேஸ்டுகெதர்' செயலியை வெளியிட்டது. ஐபோனில் அந்தச் செயலியைத் திரையில் திறந்தே வைத்திருக்க வேண்டியிருந்தது. பிரிட்டன் தன் செயலியை ஐல் ஆஃப் வைட் தீவில் சோதித்தபோது, அருகிலிருந்த ஆண்ட்ராய்டு கைபேசிகளில் 75 சதவீதத்தை அது கண்டறிந்தது. ஐபோன்களில் வெறும் 4 சதவீதம். அதே ஆண்டு ஜூனில் அந்நாடு அந்த வடிவத்தைக் கைவிட்டு, ஆப்பிளும் கூகுளும் இணைந்து இயங்குதளத்துக்குள்ளேயே அமைத்த முறைக்கு மாறியது. இந்தியா 2020 ஏப்ரல் 2-இல் வெளியிட்ட 'ஆரோக்கிய சேது' அந்த முறையைப் பயன்படுத்தவில்லை. ப்ளூடூத்தையும் இருப்பிட வசதியையும் எப்போதும் இயக்கத்தில் வைக்குமாறு அது பயனர்களைக் கேட்டுக்கொண்டது. பயனர் எவ்வளவு ஒத்துழைத்தாலும், செயலி எவ்வளவு நேரம் விழித்திருக்கும் என்ற கேள்விக்கான விடை அவருடைய கைபேசியின் மாதிரியைப் பொறுத்தே அமைந்தது.

நிரலாளர் செய்யக்கூடியது

உடனடியாக நடக்க வேண்டிய தேவையில்லாத பணிகளுக்கு, 2019-இல் முழு வடிவம் பெற்ற 'வொர்க் மேனேஜர்' நூலகத்தைக் கூகுள் பரிந்துரைக்கிறது. செயலி மூடப்பட்டாலும், கைபேசி அணைந்து எழுந்தாலும், ஒப்படைத்த வேலையின் பதிவு அழியாது. தோல்வியுற்றால் இடைவெளி விட்டு மீண்டும் முயலும். மீண்டும் மீண்டும் நடக்கும் வேலைக்கான குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம். அதற்கும் குறைவான இடைவெளியைக் கேட்பவர் தமக்கு உண்மையில் முன்புலச் சேவை தேவையா என்று யோசிக்க வேண்டும்.

செயலி எதனால் மடிந்தது என்பதை அறியவும் இப்போது வழியுண்டு. நினைவகப் பற்றாக்குறையா, பயனரே நிறுத்தினாரா, நிரல் பிழையா என்ற காரணத்தை ஆண்ட்ராய்டு 11 முதல் செயலி அடுத்த முறை எழும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வாடிக்கையாளரின் புகாருக்கு 'எங்கள் கைபேசியில் சரியாகத்தான் ஓடுகிறது' என்று பதில் சொல்லும் காலம் இத்துடன் முடிந்திருக்க வேண்டும். உறக்கநிலையைக் கட்டளை மூலம் வரவழைத்துச் சோதிக்கும் வசதியும் உருவாக்குநர் கருவிகளிலேயே உள்ளது. வெளியிடும் முன் விலை குறைந்த இரண்டு மூன்று கைபேசிகளை ஓர் இரவு முழுதும் மேசையில் அசையாமல் கிடத்திப் பார்ப்பது அதனினும் நம்பகமான சோதனை.

பயனர் கவனிக்க வேண்டியவை

உயிர் அல்லது வருமானம் சார்ந்த செயலி எதுவோ, அதற்கு மட்டும் அமைப்புகளில் சென்று பேட்டரி பகுதியில் 'கட்டுப்பாடற்றது' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். எல்லாவற்றுக்கும் அப்படிச் செய்தால் பேட்டரி தாங்காது. ஆட்டோஸ்டார்ட் அனுமதி உள்ள கைபேசிகளில் அதையும் இயக்க வேண்டும். அறிவிப்பு அனுமதியும், மாத்திரை நினைவூட்டிகளுக்கு அலாரம் அனுமதியும் கொடுக்கப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். அந்தச் செயலியைச் சமீபத்திய வரிசையிலிருந்து தள்ளிவிடக் கூடாது. இயங்குதளப் புதுப்பிப்புக்குப் பின் அமைப்புகள் மாறியிருக்கக்கூடும் என்பதால், அப்போது ஒருமுறை சரிபார்ப்பது அவசியம். கைபேசியை இரவு முழுதும் மின்னேற்றியில் இணைக்காமல் வைத்து, அதிகாலைக்கு ஒரு சோதனை நினைவூட்டலை அந்தச் செயலியிலேயே குறித்து, அது ஒலிக்கிறதா என்று பார்க்கலாம். ஒலிக்காவிட்டால், அமைப்பைச் சரிசெய்யும் வரை கைபேசியிலேயே உள்ள கடிகாரச் செயலியில் மாத்திரை நேரத்தைக் குறித்துவைக்கலாம்.